என் பெட்டி, அவர்கள் ஆண்டெனா

ஐப்பசி 9, திங்கள்

காலையில் தூறல். மாடி ஆண்டெனாவின் போல்ட்டை மறுபடி இறுக்கினேன். குருசுக்குப்பத்தில் என் மகன் செல்வம் படகையும் சேர்த்து நாலு படகில்தான் இன்னும், படகு இருக்கும் இடத்தைப் போனில் புள்ளியாகக் காட்டும் என் பெட்டி. மற்றவர்கள் கம்பெனிப் பெட்டிக்கு மாறிவிட்டார்கள்.

தட்டாஞ்சாவடி கம்பெனிப் பெண் நித்யா மறுபடி வந்தாள்.

"தாத்தா, உங்க பெட்டியோட சாவி நம்பர மட்டும் குடுங்க. படகு உங்க ஆண்டெனாவ தாண்டிச்சின்னா எங்களது புடிச்சிக்கும். தெக்க நரம்பை குப்பம் வரைக்கும் வச்சிருக்கோம்."

"எம் பெட்டி உங்க ஆண்டெனா கூட பேசாது. போம்மா."

இந்தப் பெட்டியை முதலில் கட்டியவன் நான். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றது. பேப்பரில் படம் வந்தது அவர்களுக்கு.

வாங்க: சால்டரிங் ஈயம், பிரஷர் மாத்திரை, கொசுவத்தி.

ஐப்பசி 10, செவ்வாய்

செல்வம் விடியலில் தனியாகப் போனான். மதியம் காற்று மாறியது. புள்ளி தெற்கே போய்ப் போய், போன் திரையிலிருந்து மறைந்தது. என் ஆண்டெனாவுக்கு எட்டாத தூரம். சாயங்காலம் மற்ற படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன.

மருமகள் வசந்தா உலை வைக்கவில்லை. வாசலுக்கும் மாடிக்குமாக நடக்கிறாள்.

"பெட்டி சிக்னல் குடுத்து கத்திக்கிட்டேதான இருக்கும் மாமா?"

"கத்தும்."

"அப்ப அவங்க ஆண்டெனாவுல கேக்குமே?"

கேட்கும். சாவி எண் இல்லாததால் யார் பெட்டியோ என்று தள்ளிவிடும். போன் திரையைத் துடைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒங்க ரோசத்துக்கு எம் புருசந்தான் கெடச்சாரா?"

போலீசில் சொல்லியாயிற்று. விடிந்தால்தான் தேடுவார்களாம்.

ஐப்பசி 11, புதன்

மழை விடவில்லை. விடிவதற்குள் நித்யாவுக்கு போன். சாவி எண்ணை இரண்டு முறை தப்பாகச் சொன்னேன்.

"மெதுவா சொல்லுங்க தாத்தா."

தங்கள் வரைபடத்தை என் போனுக்கு அனுப்பினாள். புள்ளி! நரம்பைக்குக் கிழக்கே, நடுக்கடலில். பெட்டியில் பேட்டரி குறைவு.

வசந்தா பார்த்ததும் சொன்னாள்: "இது மோட்டார் ஓட்டம் இல்ல மாமா. தண்ணி இழுத்துக்கினு போவுது."

பக்கத்து வீட்டு ஏழுமலை படகை எடுத்துக்கொண்டு போனான். அவனுடையது கம்பெனிப் பெட்டி. அவனும் ஒரு புள்ளி.

இத்தனை ஈரத்திலும் என் பெட்டி வேலை செய்கிறது. ஆனால் பெட்டி இருக்கும் இடத்தைத்தான் சொல்லும். பக்கத்தில் ஆள் இருக்கிறானா என்று சொல்லாது. அதற்கு ஒரு வழி செய்ய எனக்குத் தோன்றவே இல்லை.

மதியம். இரண்டு புள்ளியும் ஒட்டி நிற்கின்றன. வெகு நேரமாக. அங்கே போன் எடுக்காது. வசந்தா என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள், "திரும்புதா, திரும்புதா?"

ஏழுமலை புள்ளி மட்டும் கரைப்பக்கம் திரும்புகிறது. செல்வத்தின் படகு அங்கேயே மிதக்கிறது. அவனை ஏற்றிக்கொண்டா, ஏற்றாமலா, தெரியவில்லை. வசந்தா கரைக்கு ஓடிவிட்டாள். செருப்பு கிடைக்கவில்லை. போகிறேன்.