தாள் 2114 முதல் 2136 வரை

1966 மார்ச் 8, செவ்வாய்

கோப்பு தைக்கும் நூல் தீர்ந்துவிட்டது. புதிதாக வந்த நூல் இரண்டாவது முடிச்சிலேயே அறுந்துபோகிறது. பதினோரு கட்டுகளை இதை வைத்து எப்படித் தைப்பதாம்?

பதினொன்றும் ரெம்மர்ஸ் வழக்கு. நாற்பத்திரண்டில், போலந்தில், ஒரே காலையில் நானூறு யூதர்களைக் குழியருகே நிறுத்திச் சுடச் சொன்ன ஜெர்மன் போலீஸ் கேப்டன். ஒன்பது வருடம் கொடுத்தார்கள். மேல்முறையீடும் தள்ளுபடியாகிவிட்டது. இனி கோப்பை எண் போட்டு, தைத்து, முத்திரை வைத்துக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். நீதிமன்றப் பதிவறையில் அது என் வேலை.

பதிவறைத் தலைவர் ஷ்டூர்மான் போகிற போக்கில் சொன்னார்: "கெட்லரம்மா, அந்த டேப் இருபத்துமூணையும் அழிச்சிடுங்க. ஜட்ஜுங்க ஞாபகத்துக்காகப் பதிஞ்சது. அவங்க ஞாபகத்துக்கு இனிமே வேலை இல்ல."

"எல்லாத்தையுமா சார்?"

"மிஷின் பக்கத்து ஊர் கோர்ட்டுக்குப் போகுது. சுருளோட கேக்குறாங்க."

மார்ச் 10, வியாழன்

அழிப்பதற்கு முன் ஒவ்வொரு சுருளையும் ஓடவிட்டுப் பட்டியலோடு சரிபார்க்க வேண்டும். விதி. இரண்டு நிமிடம் கேட்டால் போதும். பதினான்காவது சுருளை முழுவதும் கேட்டேன்.

கோப்பில் அந்தச் சாட்சிக்கு ஒரே வரி: "இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து வந்த மிர்லா ஷ்பீரோ, வயது 42, சம்பவம் குறித்துச் சாட்சியம் அளித்தார்." அவ்வளவுதான். எங்கள் நடவடிக்கைக் குறிப்பில் யார் வந்தார் என்றுதான் எழுதுவோம், என்ன சொன்னார் என்று எழுதுவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நாங்கள் சட்டப்படி செய்கிறோம். இரண்டே முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறாள் அந்தப் பெண்.

ஓர் இடத்தை நான்கு முறை திருப்பிக் கேட்டேன். அப்படியே எழுதிவைக்கிறேன்:

"என் தங்கச்சி பெர்லா சமையல் லாரிக்குள்ள ஏறி, சாக்குக்கு அடியில படுத்துக்கிட்டா. நான் எதிர்ல மாவு மில் பரண்லேர்ந்து பாத்துக்கிட்டு இருந்தேன். லாரி ஓட்டுறவன் சாக்கைத் தூக்கினான். பாத்தான். மூடிட்டுப் போயிருக்கலாம். அவனை யாரும் கேக்கல, யாரும் பாக்கக்கூட இல்ல. கையைப் பிடிச்சு இறக்கி, வரிசையில கொண்டுபோய் நிறுத்தினான். குளிருதுன்னு அவ கோட்டுக்குப் பொத்தான் வேற போட்டுவிட்டான். கழுத்து வரைக்கும். இடது காதுல மேல்பாதி கிடையாது அவனுக்கு. பேர் தெரியாது."

நீதிபதி கேட்கிறார்: "அப்ப கேப்டன் ரெம்மர்ஸ் எங்க நின்னாரு?" லாரி ஓட்டியவனைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. அவன்தான் குற்றவாளிக் கூண்டில் இல்லையே.

எனக்குப் பெயர் தெரியும்.

அப்போது அவனுக்கு ஆறு வயது. எனக்கு எட்டு. தோல் பதனிடுபவர் வீட்டு நாயைக் குச்சியால் சீண்டியவள் நான். கடிபட்டது என் தம்பியின் காது.

மார்ச் 11

இன்று எழுத ஒன்றுமில்லை. பொய். நிறைய இருக்கிறது, எழுதக் கை வரவில்லை.

மார்ச் 13, ஞாயிறு

வழக்கம்போல் மூன்று மணிக்குத் தம்பி எபர்ஹார்ட் வீட்டில் காப்பி. அவன் மனைவி லோரே ஆப்பிள் கேக் செய்திருந்தாள். அவனுடைய கார் ஓட்டும் பள்ளியில் இந்த வாரம் மூன்று பேர் தேறினார்களாம். சந்தோஷமாக இருந்தான்.

"போலந்துல நீ என்ன வண்டி ஓட்டின?" என்றேன்.

"சமையல் லாரி. சூப்பு, ரொட்டி. எத்தனை தடவைக்கா சொல்றது? ஒரு குண்டு சுட்டதில்ல நான்."

"சாக்குக்கு அடியில யாராவது இருந்தாங்களா?"

கிரீம் எடுத்து வருகிறேன் என்று லோரே எழுந்து போனாள். கிரீம் மேசைமேல்தான் இருந்தது. அவன் கரண்டியால் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரை போடாதவன்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றான். இல்லை என்று சொல்லவில்லை. ஒரு முறை இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனோ? நம்பியிருப்பேன். அதுதான் எனக்குப் பயம்.

கிளம்பும்போது வாசலில் என் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டான், கழுத்து வரை. எல்லோருக்கும் செய்வான். ஊரே இதைச் சொல்லி அவனைக் கொண்டாடும். "குளிருதுக்கா," என்றான்.

பேருந்து நிறுத்தம் போவதற்குள் அத்தனையையும் அவிழ்த்துவிட்டேன். நடுங்கிக்கொண்டே வீடு வந்தேன். நடுங்கட்டும்.

மார்ச் 15, செவ்வாய்

எபர்ஹார்ட் பதிவறை வாசலுக்கே வந்துவிட்டான். டேப்பில் ஒரு சாட்சி பேசுவதையும், அதை அழிக்கச் சொல்லியிருப்பதையும் சொன்னேன்.

"அழிக்கப் போறாங்கன்னா அழிக்கட்டும். நீ ஏன்க்கா வம்பை விலைக்கு வாங்குற? நாப்பத்தாறுல உருளைக்கிழங்கு மூட்டையை முதுகுல தூக்கிட்டு வந்து உனக்குப் போட்டது யாரு?"

"நீதான்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன? தின்றேன். மறக்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது உண்மைதான், அவன் படியிறங்கிப் போனபோது எனக்கு எல்லாமே ஆடியது. ஆனால் பெர்லாவுக்கும் ஓர் அக்கா இருந்தாளே. பரணிலிருந்து பார்த்துக்கொண்டு.

மார்ச் 18, வெள்ளி

செய்துவிட்டேன்.

எங்கள் வேலையில் வேதவாக்கு ஒன்று உண்டு: எண் விழுந்த தாள் கோப்பைவிட்டுப் போகாது. நீலப் பென்சிலில் எண் போட்டு, நூல் கோத்து, மெழுகு முத்திரை வைத்து, கடைசியில் தலைவர் "இக்கோப்பில் இத்தனை தாள்கள் உள்ளன" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அதோடு சரி. கொலை வழக்குக் கோப்பில் எலிகூட அனுமதி வாங்கித்தான் கடிக்கும். இருபது வருடத்துக்கு முன் இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே ஷ்டூர்மான்தான்.

டேப்புகளுக்கு யாரும் எண் போடவில்லை. அதனால்தான் அவற்றை அழிக்கலாம்.

பதினோராவது கட்டு 2113இல் முடிந்திருந்தது. இருபத்துமூன்று புதுத் தாள்கள் எடுத்தேன். "தாள் 2114: ஒலிநாடா 1, இக்கோப்பின் பகுதி, தனிப் பெட்டியில்." அப்படியே 2136 வரை. ஒவ்வொரு டேப் பெட்டியின் மேலும் அதே எண். நூலை இரட்டையாக முறுக்கித் தைத்தேன், அறுந்துபோகவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஷ்டூர்மானுக்குப் பந்துருட்டும் விளையாட்டுச் சங்கம். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுவார். கடைசித் தாளின் எண்ணை மட்டும் பார்ப்பார். இன்றும் அப்படித்தான். "2136," என்று வாய்விட்டுப் படித்தார், எழுதினார், கையெழுத்திட்டார், போனார்.

மார்ச் 22, செவ்வாய்

"கெட்லரம்மா, டேப்பெல்லாம் அழிச்சாச்சா?"

"முடியாது சார். எண் விழுந்துடுச்சு."

"யாரு போட்டது?"

"நான். கையெழுத்து உங்களுது."

கட்டைப் புரட்டினார். முகம் முதலில் சிவந்தது, அப்புறம் வெளுத்தது. "பிரிச்சுத் தையுங்க."

"பிரிக்கலாம் சார். முத்திரையை உடைச்சா என்ன காரணம்னு தலைவர் கைப்பட எழுதி மேலிடத்துக்கு அனுப்பணும். தாள் தரட்டுமா?"

தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன். "காரணம்:" என்று தலைப்பும் போட்டுக் கொடுத்தேன், அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று.

முப்பத்தாறிலிருந்து அதே நாற்காலியில் இருக்கிறார். நாஜி ஆட்சி நாட்களில் என்னென்னவற்றில் கையெழுத்திட்டாரோ, ஒன்றுக்கும் காரணம் எழுதியதில்லை. பேனாவை எடுத்தார். வைத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"உங்களுக்கு இதுல என்னம்மா ஆதாயம்?" என்றார் மெல்ல.

"ஆதாயமா? நஷ்டம்தான் சார்."

தாள் வெறுமையாகவே திரும்பி வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மார்ச் 24, வியாழன்

அரசு வழக்கறிஞர் ஹாசெல்ஹோர்ஸ்ட் அறையில் ஐந்து நிமிடம். பதினான்காவது சுருளில் வரும் காது யாருடையது என்று சொன்னேன்.

"உங்க தம்பிங்கிறீங்க. இன்னும் ஒரு தடவை யோசிச்சுப் பாத்துக்குங்க."

"இருபத்துநாலு வருஷமா யோசிக்காம இருந்தாச்சு. எழுதிக்குங்க."

ஏப்ரல் 4

என்னை நிலப் பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நிலவறை. ஈரம். காரணம் எழுதப்படவில்லை.

ஏப்ரல் 11, ஈஸ்டர் திங்கள்

லோரேவுக்குக் கொடுத்திருந்த என் கேக் அச்சு வாசற்படியில் கிடந்தது. கழுவாமல். ரொட்டிக் கடைக்காரி நான் சொன்ன வணக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை, ரொட்டியை மட்டும் தருகிறாள். நான் இன்னும் சத்தமாக வணக்கம் சொல்கிறேன்.

ஊரெல்லாம் ஒரே பேச்சு: தம்பியைக் காட்டிக்கொடுத்தவள். இருக்கட்டும். அவன் ஒரு தங்கையைக் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தபோது இந்த ஊர் வாய்க்கு என்ன ஆயிற்று?

சொல்லிவிட்டேனே தவிர, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எபர்ஹார்ட், எபர்ஹார்ட். ஏன்டா அந்தச் சாக்கை மூடாமப் போன?

1968 நவம்பர் 12, செவ்வாய்

எபர்ஹார்ட் மீதான வழக்கு. நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பெண், மடியில் பழுப்புக் கைப்பை. குரல் கேட்பதற்கு முன்பே மிர்லா ஷ்பீரோ என்று தெரிந்துவிட்டது.

"நீங்கதான் அவன் அக்காவா?"

"ஆமா."

"டேப்பை அழியாம வெச்சிருந்தது?"

"ஆமா."

கை நீட்டவில்லை அவள். நன்றியும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குத்தான் அவமானம். பெஞ்சில் பக்கத்தில் மடித்து வைத்திருந்த கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன்.

காலையில் அவளை எபர்ஹார்ட்டின் வக்கீல் குறுக்கு விசாரணையில் மடக்கப் பார்த்தாராம்: பொத்தான் கதை இப்போது புதிதாகக் கட்டியது, என்று. தாள் 2127ஐக் கொண்டுவரச் சொன்னார்கள். பதினான்காவது சுருள் ஓடியது. அதே வார்த்தைகள். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எபர்ஹார்ட் இளைத்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை, என் கோட்டைப் பார்த்தான். நான் திறந்தேதான் விட்டிருந்தேன்.

"கூடப் பிறந்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு," என்றார் நீதிபதி.

"தெரியும். சொல்றேன்."

குறிப்பெழுதும் இளம்பெண் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிட்டாள். நான் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது: அல்முத் கெட்லர், வயது 52, சம்பவம் குறித்துச் சாட்சியம் அளித்தார்.

"ஒரு நிமிஷம்," என்றேன். "டேப் ஓடுதா?"

ஓடவில்லை. ஆள் போய் மிஷினைக் கொண்டுவரும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.