கிணற்று வழக்கில் நான் கேட்ட கேள்வி

ஆடி 5, திங்கள்

பேய்க்காற்று. கூரை ஓலை பறந்தது. காலை கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் அரியலூர், வக்கீல் வீடு. என் கடைசி மகன் வயதுதான் அவருக்கு. சித்தப்பா மகன் ரெங்கசாமி, எனக்குக் கிணற்றில் உரிமையே கிடையாது என்று நான் மாடு கட்டி இறைக்கும் கவலையை நிறுத்திவிட்டான். பாதிப் பங்கு திரும்பாவிட்டால் மேட்டுக் கொல்லை தரிசு. வக்கீலோ அதை விட்டுவிட்டு, "உங்க அய்யா பங்கை விட்டுக்கொடுத்தாரா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று திரும்பத் திரும்ப. என் அப்பாவையா! துண்டை உதறி எழுந்தேன். சாட்சியை மடக்க நான் எழுதிய கேள்வித்தாளை மேசையில் வைத்தேன். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் சட்டம் படித்தவன் நான்.

6, செவ்வாய்

கோர்ட். ரெங்கசாமி தரப்புச் சாட்சி பொன்னன், சித்தப்பாவிடம் மாடு ஓட்டிய கிழவன். கிணறு வெட்டியது யார் என்று கேட்டார் என் வக்கீல்.

"ரெண்டு வூட்டுக்காரவுகளும் சேந்துதானுங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். என் தாள் மடித்தது மடித்தபடி. இதற்கா வக்கீல்? பின்னாலிருந்து நானே எழுந்தேன். "அப்ப என் பங்கு எங்க போச்சு, பொன்னா?"

வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஒங்க அய்யா காளை சோடி வாங்கிக்கிட்டு வுட்டுக்குடுத்துட்டாருங்க. நாந்தான் ஓட்டியாந்து ஒங்க வூட்டுல கட்டுனேன். நீங்க அப்ப சின்னப் புள்ள."

மாடு வந்ததா என்று முன்சீப் என்னையே கேட்டார். அந்த மயிலைக் காளைகள்.

"வந்துச்சுங்க" என்றேன்.

வெளியே வக்கீல் சத்தம் போடவில்லை. "பத்திரம் இல்லாத பேச்சுங்க. அதை எடுக்க அவங்களே பயந்து கிடந்தாங்க. நீங்க எடுத்துக் கொடுத்துட்டீங்க."

7, புதன்

தூக்கமில்லை. காளை விஷயத்தை மனைவியிடம் கேட்டேன். அம்மியிலிருந்து தலை நிமிரவில்லை. "அத்தை எப்பவோ சொன்னாங்க. ஊருக்கே தெரியும். ஒங்ககிட்ட யாரு வந்து சொல்றது?"

ஊருக்கே!

9, வெள்ளி

மண்ணெண்ணெய் இல்லை. ரெங்கசாமியோடு சமரசமாக ராஜி பேசலாமா என்று வக்கீல் ஆள் அனுப்பினார். முடியாது. பத்திரமில்லாமல் பங்கு போகாது. தோற்றால் அப்பீல்.

மாடு வரலைன்னு கோர்ட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னப்பா என்கிறான் பெரியவன்.

அதுகள் கொம்புக்குச் சாயம் பூசியவன் நான். வரவில்லை என்று எப்படிச் சொல்வது?