தப்பு உன் புரோகிராமில் இல்லை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் நம் சர்வர் நொண்ட ஆரம்பித்தது. கடைகளுக்குப் பில் போட நீ எழுதிய புரோகிராம்தான் காரணம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இல்லை என்று காட்டிவிட்டேன். உனக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான், மற்றதெல்லாம் பிறகு.

கோச்சடை ஆபீசில் உன் மானிட்டர் ஓரத்தில் பூஜையன்று வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. துடைக்க வந்த வேலைக்கார அம்மாவை வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பக்கத்தில் போனால் இன்னும் லேசாக மணக்கிறது. நீ ஆடியில் கண்ணை மூடினாய். நீ இல்லாமல் நாங்கள் கும்பிட்ட முதல் பூஜை இது.

அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவனே நீதான். அன்றைக்குக் கடைகள் மூடியிருக்கும், பில் போட ஆளிருக்காது. நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரோ எங்கோ வெளியூரில், யாரோ ஒரு கம்பெனியின் கட்டடத்தில் இருக்கிறது. அதையும் அணைத்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்றாய். "லேத்துப் பட்டறைக்காரன் மெஷினுக்கு லீவு விடுறான். நம்ம மெஷின் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு மாப்ள?" கண்ணில் படாத மெஷினுக்கு எங்கே போய்ப் பொட்டு வைப்பாய் என்று நான் கேலி செய்தபோது, யோசிக்காமல் உன் மானிட்டரில் வைத்தாய். அது அப்படியே வழக்கமாகிவிட்டது.

இந்த வருஷமும் அணைத்தோம், கும்பிட்டோம், விஜயதசமி காலையில் எழுப்பினோம். ஒரு மணி நேரத்தில் சமயநல்லூர் பைப் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, பில்லு டக்குன்னு வருது. ஸ்டாக் லிஸ்ட் கேட்டா மட்டும் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கெடக்கு. நேர்த்திக்கடன் எதுவும் வச்சிருக்கீகளா?" சிரித்து வைத்தேன். மதியத்துக்குள் மற்ற கடைகளும் கூப்பிட்டன. சிரிப்பு போய்விட்டது.

சர்வரை வாடகைக்கு விட்ட கம்பெனிக்குச் சொன்னோம். சோதித்ததில் எங்கள் பக்கம் லைன் சுத்தமாக இருக்கிறது, உங்கள் புரோகிராமைப் பாருங்கள் என்று பதில் வந்தது. கடைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளத் தொடங்கிய நேரம் பார்த்து இன்னொரு பில்லிங் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கூடவே ஒரு நிபுணர். அவர் நல்ல மனிதர்தான். புரோகிராமைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள், அவரும் புரோகிராமை மட்டும்தான் பார்த்தார். பழைய முறையில் எழுதியது, எழுதியவரும் இல்லை, தூக்கிப் போட்டுவிட்டுக் கடைகளை மட்டும் எங்களிடம் கொடுங்கள் என்றார்கள். எழுதியவரும் இல்லை என்று சொன்ன அந்த இடத்தில் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்றுப் பிழைத்தவன் நான். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் சொத்தை என்று சொல்பவன் விலையை இறக்கத்தான் வந்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். சர்வருக்குள் கெர்னல் என்று ஒன்று இருப்பதே அன்றுவரை தெரியாது, அது வேறு விஷயம். டீ கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

எதையும் மாற்றவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல உன் முகம்தான் முன்னால் வந்தது. அதே சமயநல்லூர் கடையில் ஒருமுறை நெட் வரவில்லை என்று போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் எதையுமே தொடவில்லை என்று அவர் சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். நீ கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. கடையைச் சுற்றி வந்தாய். நெட் பெட்டிக்கு முன்னால் புதிதாக ஓர் இரும்பு பீரோ நின்றது. திரும்பி வரும்போது வண்டியில் சொன்னாய்: "என்னத்த மாத்துனேன்னு கேட்டா எவனும் ஒண்ணுமில்லம்பான். என்ன மாறிருக்குன்னு பாக்கணும் மாப்ள."

முத்துலட்சுமியை உட்கார வைத்து அதைத்தான் சொன்னேன். உன்னிடம் வேலை பழகிய பெண், உன் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று இன்னும் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருகிறாள். முதலில் உன் புரோகிராமை முழுக்க நிறுத்திவிட்டு, சர்வரிலிருந்து வெறும் கோப்பு ஒன்றை ஆபீசுக்கு அனுப்பச் சொன்னேன். அதுவும் ஊர்ந்துதான் வந்தது. ஓடாத புரோகிராம் எப்படி லைனை மெதுவாக்கும்? அந்த நிமிஷமே உன் மேல் இருந்த பழி போய்விட்டது. நான் எழுந்து ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு அவள் சிறியதும் பெரியதுமாக அனுப்பிப் பார்த்தாள். துணுக்குத் துணுக்காகப் போவது பறந்தது. பெரிதாகப் போவது திக்கியது. சர்வர் கம்பெனிக்காரர்கள் துணுக்கை அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் லைன் சுத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள். சைக்கிள் போகிறது என்பதற்காக லாரியும் போகும் என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

அடுத்து, பூஜைக்கு முன்னும் பின்னும் சர்வர் தன்னைப் பற்றிப் பதிந்து வைத்திருந்ததை ஒப்பிட்டாள். "அண்ணே, கெர்னல் மாறிருக்கு" என்றாள். மெஷினின் அத்தனை வேலைக்கும் அடியில் இருக்கும் அஸ்திவாரம் அது என்று விளக்கினாள். புதுக் கெர்னல் தானாகவே வந்து இறங்கி மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறது. அணைத்து எழுப்பினால்தான் அது வேலைக்கு வரும். நாம் சாமி கும்பிட அணைத்தோம். மறுநாள் எழுந்தது வேறு ஆள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் பூஜைக்கு முந்தைய வாரம் நீ யாரோடும் பேசாமல் ஒரு நகல் சர்வரை வைத்துக்கொண்டு அணைப்பதும் எழுப்புவதுமாக இருப்பாய். ஏதோ விளையாடுகிறாய் என்று நினைத்தோம்; எழுந்ததும் என்ன மாறுகிறது என்று நீ ஒத்திகை பார்த்திருக்கிறாய். சந்தனத்தைப் பிடித்துக்கொண்டோம், அந்த வாரத்தை விட்டுவிட்டோம்.

பழைய கெர்னலில் எழுப்பினாள்; ஸ்டாக் லிஸ்ட் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. அப்படியே விட்டுவிடலாமே என்றேன். முடியாது, அதில் திருடன் நுழையும் ஓட்டைகளை அடைக்கத்தான் புதிது வந்திருக்கிறது என்றாள். மறுபடி புதிதில் எழுப்பி, தகவலை வெளியே அனுப்பும் நெட்வொர்க் அட்டையின் வசதிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஒன்றை நிறுத்தியதும் வேகம் திரும்பியது. பெரிய தகவல் பொட்டலத்தை அப்படியே அட்டையிடம் கொடுத்து, நீயே நறுக்கி அனுப்பிக்கொள் என்று சொல்லும் வசதியாம் அது. ஆனால் வாடகை சர்வரில் நிஜமான அட்டை என்று ஒன்று கிடையாது. அடியில் இருக்கும் கம்பெனியின் மெஷின்தான் அட்டை மாதிரி நடிக்கிறது. புதுக் கெர்னல் நம்பிக் கொடுத்த பொட்டலங்களை அது நறுக்கத் தெரியாமல் கீழே போட்டிருக்கிறது. நம் சர்வர் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் சர்வர் கம்பெனிக்கு எழுதி அனுப்பினோம். தப்பு என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் சர்வரை வேறு மெஷினுக்கு மாற்றிவிட்டோம் என்று ஒற்றை வரி வந்தது. அங்கே அந்த வசதியைத் திரும்பப் போட்டும் வேகம் குறையவில்லை. அதற்கு மேல் எனக்கு யார் ஒப்புக்கொண்டால் என்ன?

இனிமேல் பூஜைக்கு சர்வரை அணைக்காதீர்கள் என்று நிபுணர் போனில் புத்தி சொன்னார். அணைப்பேன் என்றேன். "நாங்க அணைச்சதுனாலதான் சார் லீவு நாள் முடிஞ்சு மாட்டுச்சு. விட்டிருந்தா என்னைக்காச்சும் கரண்டு போயி, தீபாவளி யாவாரத்துல மாட்டிருக்கும்." அடுத்த வருஷம் முந்தைய வாரத்தையும் சேர்த்தே கும்பிடுவோம். முத்துலட்சுமி இப்போதே நகல் சர்வர் ஒன்றை எடுத்து வைத்துவிட்டாள்.

நீ போனால் உன்னோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர், மாப்ள. கீழக்குயில்குடியில் உனக்கு மாலை போட வந்த இடத்திலேயே, இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார்கள். இப்போது சொல்கிறேன்: விற்க மாட்டேன், மாற்றி எழுத மாட்டேன், நீ எழுதியது ஓடும்.

அந்த பில்லிங் கம்பெனிக்காரர்கள் போன வாரம் மறுபடி வந்தார்கள். இந்த முறை கடைகளைக் கேட்கவில்லை. அவர்கள் புரோகிராம் திணறுகிற இடத்தில் உன்னுடையதை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். நிபுணரும் வந்திருந்தார், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். பேசி முடித்தது இதுதான்: தேனி, திண்டுக்கல் கடைகளுக்கு அவர்கள் வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம். புரோகிராம் நம்முடையது. உள்ளே ஒரு வரியைத் தொடுவதானாலும் முத்துலட்சுமி சம்மதிக்க வேண்டும். வருகிற வாடகையில் பாதி அவர்களுக்கு, பாதி நமக்கு. நமக்கு வருவதில் சரிபாதி உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி கைக்கு, அவளே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள.