கிட்டாரின் வயிற்றில் இருந்த பஞ்சு

அன்புள்ள தம்பிக்கு,

சித்தி எழுதுகிறேன். இதைக் கண்டதும் அப்பாவுக்கு ஏதோ என்று பதறிவிடாதே, இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். கூப்பிட்டால் எடுத்துப் பேசப்போகிறவனுக்கு நாலு பக்கம் எழுதி, அதைப் போனில் படம் பிடித்து வேறு அனுப்புகிறாளே என்று தோன்றினால் மன்னித்துக்கொள். போனில் நான் சாப்பிட்டாயா, வேலை எப்படி என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுகிறவள் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான் என்பதால் சொந்தத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள், எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் விஷயத்தை எழுதத்தான் கை ஓடமாட்டேன் என்கிறது.

உன் தங்கைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் திறந்து வைத்த ஜன்னல் மாதிரி இருக்கிறது, அண்ணனிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு, நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எங்கள் ஆஸ்பத்திரியில் பழைய நோயாளிகளின் ஆவணங்களை எல்லாம் தரைக்குக் கீழே உள்ள அறைக்கு மாற்றிவிட்டார்கள், நானும் கூடவே கீழே போய்விட்டேன். வெயில் தெரியாது, மழை தெரியாது, எலி மட்டும் தெரியும். காகிதத்தையும் பஞ்சையும் கடித்துக் குவித்து, கோப்புகளுக்கு நடுவே கூடு கட்டிவிடுகிறது. ஒரு அலமாரியில் கூடு இருந்தால் பத்து நாளில் அந்த வரிசையே போச்சு என்பதால், சந்தேகப்பட்ட இடத்தில் உடனே கையை விட்டு எடுத்து எறிந்துவிட வேண்டும் என்பது எங்கள் அறைச் சட்டம். அந்தச் சட்டத்தால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் கிட்டாரை மாற்றுவது பற்றி நீங்கள் இருவரும் இரண்டு வாரமாகப் பேசுகிறீர்கள். போன புதன்கிழமை என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் நல்ல மனிதர், எனக்கும் புரியும்படி இரண்டையும் மேஜையில் படுக்க வைத்துத் தட்டிக் காட்டினார். ஹாலோ என்றால் உள்ளே முழுக்கக் காலி, ஆள் குடிபோகாத அறையைத் தட்டுவது போலச் சத்தம் வருகிறது. செமி ஹாலோ என்றால் நடுவில் தலையிலிருந்து கால்வரை ஒரு கட்டை ஓடுகிறது, இரண்டு பக்கமும்தான் காலி, தட்டினால் அடங்கிய சத்தம். காலியாக இருப்பது ஆம்பின், அதுதான் அந்த ஒலிபெருக்கிப் பெட்டியின், சத்தத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஊளையிடும், கட்டை உள்ளது அவ்வளவு சீக்கிரம் ஊளையிடாது என்றார். நீ போனில் சொன்னதும் அதேதான். அப்பா இரண்டையும் முதலில் ஆம்பில் செருகாமலே வாசித்தார். ஹாலோவின் சத்தம் கடை வாசல்வரை போனது. செமி ஹாலோ அவர் மடியைத் தாண்டவில்லை. பிறகு செருகி, ஆம்புக்கு நேராக முகம் காட்டி நின்றார், செமி ஹாலோ வாயைத் திறக்கவில்லை. “இது சமர்த்து, வம்புக்குப் போகாது” என்று சொல்லிச் சிரித்தார். தன் பழைய ஹாலோவைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வதாகவும், வருகிற சனிக்கிழமை வருவதாகவும் சொல்லிவிட்டார். அவர் சிரித்த சிரிப்பு, பிடிக்காத சட்டையை அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக எடுக்கிறவர் சிரிப்பு. அதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன்.

போன மாதம் ஹோட்டல் கச்சேரியில் நடந்ததை அவர் உனக்குச் சுருக்கமாகத்தான் சொல்லியிருப்பார். நானும் சின்னவளும் அன்றைக்கு அங்கே இருந்தோம். மெதுவான பாட்டு, அப்பா ஒரே ஒரு நரம்பைத் தொட்டு விட்டுவிட்டார், அந்த இடத்தில் ஆம்பிலிருந்து ஊ என்று கிளம்பி, அவர் உள்ளங்கையால் அமுக்குவதற்குள் சாப்பாட்டு ஹால் முழுக்க நிறைந்துவிட்டது. முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவரை உனக்குத் தெரியுமே, அவர் வாய் சும்மா இருக்குமா, “அண்ணே, கிட்டாருக்குப் பசி போல, ஏதாச்சும் ஊட்டி விடுங்க” என்றார். மூன்றாம் தடவை அவரும் குனிந்து தன் டிரம்ஸையே பார்த்துக்கொண்டார். மீதிப் பாட்டுகளுக்கு அப்பா சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, வாசிப்பது போலக் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார்: “முப்பது வருஷமா அந்த ஆம்புக்கு முன்னாடி எங்க நிக்கணும், எவ்வளவு வைக்கணும்னு என் காதுக்குத் தெரியும். இப்ப தெரியல.” நீதான், “காது இல்லை அப்பா, கிட்டார்தான்” என்று தேற்றி செமி ஹாலோவுக்குச் சம்மதிக்க வைத்தாய். நல்ல மனதோடு செய்தாய். ஆனால் அவர் அதை நம்பவில்லை. சத்தம் கூடினால் கண்ணால் காட்டு என்று அந்த டிரம்ஸ்காரரிடமே கேட்டு வைத்திருக்கிறார். செமி ஹாலோ வந்து அதுவும் ஒரு தடவை கத்திவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வாராம்.

காதும் இல்லை தம்பி, கிட்டாரும் இல்லை, நான்தான்.

ஹோட்டல் கச்சேரி அன்று காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வெளியே போகிற பொருள் பளிச்சென்று இருக்கட்டுமே என்று கிட்டாரைத் துடைத்தேன். சாய்த்தபோது, பக்கவாட்டில் வளைந்த ஓட்டை இருக்கிறதே, அதிலிருந்து பொடிப்பொடியாக ஏதோ கொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே கறுப்புத் துணி, கடித்துப்போட்டது போலப் பஞ்சு. எலி என்று முடிவு கட்டிவிட்டேன். புருவம் எடுக்கிற இடுக்கியால் இரண்டு ஓட்டையிலிருந்தும் எல்லாவற்றையும் பிடுங்கி, நன்றாகத் தட்டி, குப்பை வண்டியில் போட்டுவிட்டு, காலையிலேயே ஒரு நல்ல வேலை செய்தோம் என்று டீ குடித்தேன். எலி பற்றிச் சொன்னால் அவர் வருத்தப்படுவார் என்று சொல்லவும் இல்லை.

கடையில்தான் விளங்கியது. பழைய ஹாலோவை மேடையில் வாசிக்கிறவர்கள் ஊளையிடாமல் இருக்க வயிற்றில் பஞ்சு அடைப்பார்களே, நீங்கள் அடைத்ததில்லையா என்று கடைக்காரர் கேட்டார். அப்பா நிதானமாக, பல வருஷத்துக்கு முன்பே அடைத்துவிட்டேன், அது இருந்துமே கத்திவிட்டது, அதனால்தான் சொல்கிறேன், என் காது போய்விட்டது என்றார். பஞ்சு இல்லாதது அவருக்கு எப்படித் தெரியும், அந்த ஓட்டை எப்போதும் இருட்டாகத்தான் தெரியும், அதில் போய் யார் எட்டிப் பார்க்கிறார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. வரும் வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், சின்னவள் தூங்கிவிட்டாள், பஸ்ஸில் கூட்டம், இப்படி ஒவ்வொரு சாக்காகப் பிடித்து இன்றோடு ஐந்து நாள் ஓட்டிவிட்டேன். இதில் ஒரு கூத்து, வீட்டில் ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது இந்த ஒரு மாதமாகக் கிட்டாரின் குரல் திறந்திருக்கிறது, மரம் முதிர்ந்தால் அப்படித்தான் என்று அவர் உன்னிடமும் சொன்னாராமே. மரம் ஒன்றும் முதிரவில்லை.

செமி ஹாலோ மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. நீ வாசிக்கிற சத்தமான குழுவுக்கு அதுதான் சரியாக இருக்கும், அப்பாவுக்கும் தோளில் மாட்ட அது வாகாக இருந்தது. ஆனால் அவர் வாசிப்பதில் முக்கால் பங்கு வீட்டில், எதிலும் செருகாமல். அதற்கு அந்த மடியைத் தாண்டாத சத்தம் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. இதெல்லாம் உங்கள் இருவருக்கும் தெரிந்த விஷயம், நான் தலையிடமாட்டேன். நடந்தது தெரிந்த பிறகும் இரண்டு பேரும் செமி ஹாலோ என்றால் சந்தோஷமாக வாங்கட்டும். காது போய்விட்டது என்று நம்பிக்கொண்டு மட்டும் அவர் அந்தக் கடைப் படியேறக்கூடாது.

கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, தள்ளிப்போடாதே, தலைவலி அதனால்தான் வருகிறது. உன்னைவிடப் பத்து வயதுதான் பெரியவள், ஆசீர்வாதம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் நன்றாக இரு.

ஒன்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவர் ஒரு வார்த்தை திட்டமாட்டார். “சரி, விடு” என்று எழுந்து போய், நன்றாக இருக்கிற அலமாரியை நாலு நாளைக்கு ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார். அந்த நாலு நாள் எனக்குத் தாங்காது. ஆனால் ஒருவரை இன்னொருவர் திட்டினால் மட்டும் அவருக்குப் பொறுக்காது, எந்தத் தப்பு செய்தவராக இருந்தாலும் ஓடிப்போய்த் திட்டு வாங்குகிறவர் பக்கம் நின்றுகொள்வார். அதனால் ஆறரைக்குக் கூப்பிடு, அவர் ஸ்பீக்கரில்தான் போடுவார், அவர் கேட்க என்னைத் திட்டு. ஏன் சித்தி அப்படிச் செய்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்காதே. நான் இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷம், இதுவரை நீ என்னிடம் ஒரு சொல் உரக்கப் பேசியதில்லை. இந்த ஒரு தடவை, தங்கையைத் திட்டுகிறாயே, அந்த மாதிரி என்னையும் திட்டிவிடு தம்பி.

இப்படிக்கு,
உன் சித்தி