பொன்மலையில் நீங்கள் சுட்ட கறி

என்னங்க,

இருந்தபோதே உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வாய் வரும்? நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. நம் பெண் மேரி எட்டாவது போய்விட்டாள், உங்களைப் போலவே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கணக்குப் போடுகிறாள். பாலக்கரை வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. இதையெல்லாம் சொல்ல உட்காரவில்லை. நேற்று டோரதி வந்தாள். அவள் சொன்னதை உங்களிடம் கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யார் படித்தாலும் படித்துவிட்டுப் போகட்டும்.

நம் கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீசில் நடந்தது. மூன்று வருஷம் கழித்து ஸ்ரீரங்கத்திலிருந்து அப்பா முதல்முறையாக நம் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே ஒரு வாக்குக் கேட்டார். அடுப்படிக்குள் கவிச்சி வரக்கூடாது என்றார். வராது என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து தெருவே கறிக்குழம்பு மணத்தபோதும் நீங்கள் என் கத்தரிக்காய்க் குழம்பைப் பேசாமல் சாப்பிட்டீர்கள். அந்தப் பேசாமைதான் எனக்கு முதல் சந்தேகம். ஒரு மனிதனுக்கு இவ்வளவு சுலபமாகவா எல்லாம் விட்டுப்போகும்?

பிறகு அந்தச் சனிக்கிழமைகள். மாசத்துக்கு ஒன்று. ரயில்வே பட்டறையில் வேலை அதிகம் என்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதே பட்டறைதான். சனிக்கிழமை அரை நாள்தான் என்று அவர் மனைவி சொன்னாள். நீங்கள் திரும்பி வரும்போது தலை ஈரமாக இருக்கும். உடம்பில் நம் வீட்டுச் சோப்பின் வாசனை இருக்காது. பசியில்லை என்று மோரை மட்டும் குடிப்பீர்கள். நான் எதுவும் கேட்டதில்லை. உங்கள் சட்டையைத்தான் முகர்ந்து பார்த்தேன். புகை, மிளகு, இன்னும் ஏதோ ஒன்று.

ஒருநாள் சட்டைப் பையில் ஒரு சீட்டு. இங்கிலீஷில், பெண் கையெழுத்து. கான்வென்ட்டில் பாடம் நடத்துகிறவளுக்கு அதைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? 'சனிக்கிழமை நேரத்தோடு வா. இருப்பதிலேயே நல்லதை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். டோரதி.' சீட்டை இருந்த மாதிரியே மடித்து வைத்தேன். அந்த வாரம் முழுக்க உங்களுக்குச் சோறு போட்டேன், பேசினேன், சிரிக்கக்கூடச் செய்தேன். உங்களுக்குத் தெரியவேயில்லை.

சனிக்கிழமை மேரியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, உங்கள் பட்டறை இருக்கும் பொன்மலைக்குப் பஸ் ஏறினேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் டோரதி பேரைச் சொன்னதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். கொல்லைப்புற வேலிக்குப் பின்னால், திருட வந்தவள் மாதிரி நின்றேன்.

நீங்கள் பனியனோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். நாலு செங்கல், அதன்மேல் இரும்புக் கம்பி வலை, கீழே கரி நெருப்பு சாம்பல் பூத்துக் கிடந்தது. சாய்வு நாற்காலியில் ஒரு கிழவர், கை நடுங்கியபடி. கவுன் போட்ட ஒரு பெண், நாற்பது வயசிருக்கும், ஒரு தட்டை உங்களிடம் நீட்டினாள். அதில் இரண்டு விரல் தடிமனில் மூன்று இறைச்சித் துண்டுகள். உப்பும் மிளகும் தவிர எதுவும் தடவவில்லை. நீங்கள் ஒன்றை எடுத்து வலையில் வைத்தீர்கள். சொய்யென்ற சத்தம் வேலிக்கு இந்தப்பக்கம் வரைக்கும் கேட்டது. கொழுப்பு சொட்டிச் சொட்டி நெருப்பு எழும்பியது. நீங்கள் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் பார்த்திருந்தீர்கள். ஒரே ஒரு தடவைதான் திருப்பினீர்கள். எடுத்துத் தட்டில் வைத்த பிறகு அந்தப் பெண் கத்தியை நீட்டினாள். நீங்கள் அவள் கையைத் தடுத்து, கொஞ்ச நேரம் ஆறட்டும், இப்போது வெட்டினால் சாறெல்லாம் ஓடிவிடும் என்றீர்கள்.

உங்கள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. கையும் களவுமாகப் பிடிக்க வந்தவள், அந்த முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வேறொரு பெண் என்றால் சண்டை போடலாம். இதோடு எப்படிச் சண்டை போடுவது? அதைவிட அவமானம், அந்த வாசனைக்கு என் வாயில் எச்சில் ஊறியது.

வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். இடுக்கியோடு எழுந்து நின்றீர்கள்.

"வீட்டுக்குள்ள வராதுன்னுதானே வாக்குக் குடுத்தேன், ரெங்கம். வரலையே."

"அதுக்கு நீங்க வீட்டை விட்டுல்ல வந்திருக்கீங்க."

நீங்கள் நெருப்பின் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். டோரதிதான் நாற்காலி போட்டு உட்காரவைத்து எல்லாம் சொன்னாள். கிழவர் அவளுடைய அப்பா, பழைய எஞ்சின் டிரைவர். நீங்கள் அவரிடம் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேனாக இருந்தபோது, எஞ்சின் நெருப்பில் கரி ஷவலை நீட்டி அதன்மேலேயே ஸ்டேக் என்கிற இந்தத் தடித்த துண்டுகளை வாட்டிச் சாப்பிட்டவர்களாம் இரண்டு பேரும். இப்போது அவர் கை நிற்பதில்லை, அதனால் நீங்கள் சுடுகிறீர்கள். வீட்டுக்கு வாசனை வரக்கூடாதென்று அங்கேயே குளிக்கிறீர்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. புருஷனில்லாத பெண்ணின் வீட்டுச் சோப்பு என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதன் பிறகும் போய்வந்தீர்கள். நானும் தடுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்துத் திடீரென்று ஒரு சனிக்கிழமை போகவில்லை. கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றீர்கள். உங்களுக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை கிளம்பும்போது, நீயும் வா என்றீர்கள்.

எதற்கு இப்போது கூப்பிடுகிறார்? என் கண்ணைக் கட்டத்தான் என்று முடிவு செய்தேன். வந்தேன். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. கிழவர் போய்ச் சேர்ந்த பிறகும் போனோம். எட்டு வருஷம், என் கண் நெருப்பில் இருந்ததில்லை. அவள் தட்டு நீட்டும்போது உங்கள் விரலையும், அவள் சிரிக்கும்போது உங்கள் முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருஷம் ஒரு துண்டு வெட்டி, வேண்டாமென்றால் துப்பிவிடு என்று கொடுத்தீர்கள். வெளியே கருகலாக, உள்ளே பூப்போல இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. மூடினால் நீங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வீர்களோ என்று மூடவில்லை. பரவாயில்லை என்று மட்டும் சொன்னேன்.

நேற்று டோரதி விடைபெற வந்தாள். அண்ணனோடு ஆஸ்திரேலியாவுக்கே போகிறாளாம், அடுத்த மாதம் கப்பல். காப்பி கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன். உங்களுக்கும் அவளுக்கும் ஏதாவது இருந்ததா என்று.

டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான்தான் கேட்டேன், ரெங்கம், என்னோட இருந்திடுங்கன்னு. ஒரே ஒரு தடவை. அவர் தட்டை அப்படியே வெச்சிட்டு எழுந்து போயிட்டார். அடுத்த தடவை வரலை. அதுக்கப்புறம் வந்தப்ப உங்களைக் கூட்டிட்டு வந்தார்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள்மேல் கோபமா, உங்கள்மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை நீங்கள்? சொன்னால் அவளை விட்டுவைக்க மாட்டேன் என்றா? கிழவரின் சனிக்கிழமை போய்விடும் என்றா? இல்லை, நான் நம்பமாட்டேன் என்றா? நம்பியிருக்கமாட்டேன், அது உண்மைதான். இப்போதும் இதை எழுதும்போதே ஒரு மனசு, அவள் சொன்னதில் பாதிதான் நிஜமோ என்று கேட்கிறது. இந்தப் புத்தியை நான் என்ன செய்வேன்?

வாசல் வரை போனவள் திரும்பி, வீட்டைக் காலி செய்வதற்குள் கடைசியாக ஒருமுறை கொல்லையில் நெருப்பு மூட்டப்போகிறேன், வருவீர்களா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை போகிறேன். அவள் என்ன நினைத்துக் கூப்பிடுகிறாள் என்று ஆராயமாட்டேன், இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், நல்ல பசியோடு போவேன்.

என்றும் உங்கள் மனைவி,
ரெங்கம்