எடுக்காத பொட்டலம்

செவ்வாய், செப்டம்பர் 9

மேகமூட்டம். மழை இல்லை. துணி காயவில்லை.

கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு. தொலைநிலைப் படிப்புக்கான தத்துவப் பாடம், மொழிபெயர்ப்பு. இன்னும் ஏழு பக்கம், வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். தலைப்பு: சாத்திய உலகங்கள். நடந்திருக்கக்கூடியது, ஆனால் நடக்காதது. அதற்கெல்லாம் எங்காவது ஓர் உலகம் உண்டா? ஒரு கட்சி: உண்டு, நம்முடையதைப் போலவே அதுவும் நிஜம், நாம் அங்கே இல்லை, அவ்வளவுதான். மறு கட்சி: வெறும் பேச்சு, நிஜம் இது ஒன்றே. இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

11.20க்குப் போன். தத்தெடுப்பு மையம். நான்கு வருடக் காத்திருப்பு. பெண் குழந்தை, பதினான்கு மாதம். வியாழன் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். போட்டோவும் வந்தது. கையில் பாதி தின்ற ரஸ்க்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபிறகுதான் பார்த்தேன்.

இவர் மதியம் வந்தார். போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். "நாளைக்குச் சொல்றேன்." மனுக் கொடுத்தபோதும் இப்படித்தான். கையெழுத்துப் போட்டார், சரி என்று இன்றுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

புதன், 10

தூறல். இரண்டு வகுப்பு. வாங்க: து.பருப்பு, சோப்பு, ரீஃபில். பக்கம் 9 வரை முடிந்தது.

சாயங்காலம் காய் அரிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நடக்காததெல்லாம் வேற எங்கியோ நடந்துட்டு இருக்குதுன்னு உம்பட பாடத்துல வருதுன்னயே. நம்ம புள்ளயும் அங்க இருக்குமா?"

பதினோரு வருடத்தில் இவராக அவளைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே போனவள். அப்போது இவர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவில். வந்து சேர மூன்று நாள். முகம்கூடப் பார்க்கவில்லை.

"இருக்கும்னுதானுங்க ஒரு கட்சிக்காரங்க சொல்றாங்க. ஆறாவது படிச்சுட்டு இருப்பா."

"யாரு சோறு போடறது?"

"நாமதான். அங்க இருக்கற நீங்களும் நானும்."

கத்தரிக்காய்க் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். "அங்க இருக்கறவனாச்சும் ரிக்குக்குப் போவாம ஊட்டோட கெடக்கட்டும்."

அழுதுவிட்டேன். வெங்காயம் என்று சொல்லவும் வழியில்லை.

அப்புறம் சொன்னார்: "இந்தப் புள்ளயக் கூட்டியாந்தா, அவளத் தள்ளிட்டு அந்த எடத்துல உக்கார வெக்கற மாரி இருக்குது சாமி. எனக்குச் சொல்லத் தெரியல. நாளைக்குக் கருப்பனார்கிட்டப் பூக் கேட்டுறலாம். பொட்டலம் நானே கட்டறேன்."

கோபம். உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய் நிமிர்ந்தால்தான் கீழே தண்ணீர் உண்டென்று போர்வெல் போட இடம் சொல்கிற ஆள். குழந்தைக்கும் அதேதானா? வாய்வரை வந்தது, கேட்கவில்லை. சாப்பிடாமல் படுத்தேன். கூப்பிட்டார், போகவில்லை.

வியாழன், 11

நல்ல வெயில். ஜேடர்பாளையம், ஆற்றோரக் கோயில்.

வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. நந்தியாவட்டை ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வாழையிலையில் சுற்றி, நாரால் கட்டி, சாமி காலடியில். பூசாரி ஒன்றை எடுப்பார். எடுக்காததைப் பிரிக்கக் கூடாது, அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

பூசாரி கண்ணை மூடி எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

"உத்தரவு ஆயிருச்சுங்க."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவர் விபூதியை வாங்கி என் நெற்றியில் வைத்தார், மூக்கிலெல்லாம் கொட்டியது. மற்ற பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "ஆத்துல உட்டுட்டு வா" என்று வண்டி எடுக்கப் போனார்.

படித்துறை. தண்ணீர் நிறையப் போகிறது. பொட்டலம் உள்ளங்கையில். மூன்று நாளாக மொழிபெயர்ப்பது இதைத்தானே. இதற்குள் இன்னொரு வியாழக்கிழமை இருக்கிறது. அதில் நான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறேன். அந்த வெறுங்கைக்காரியை நினைத்துப் பாவமாக இருந்தது. அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று தோன்றியது. பிரிக்கக் கூடாது. பிரித்தேன்.

நந்தியாவட்டை. நான்கு பூ, வாடவே இல்லை.

இந்த மனுஷன் விடிய எழுந்து இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டியிருக்கிறார். சிவப்பு எங்கேயுமே இருக்கவில்லை. வாயில் வராத ஒரு சரியைச் சொல்ல, சாமி காலடியிலேயே திருட்டு வேலை. நான் நேற்றுச் சாப்பிடாமல் படுத்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

நாரைப் பழையபடி சுற்றி ஆற்றில் விட்டேன். சுழன்று சுழன்று போனது.

வண்டியில் ஏறினதும்:

"உட்டுட்டயா?"

"உட்டுட்டனுங்க."

கொஞ்சத் தூரம் போய், "பிரிச்சுக் கிரிச்சுப் பாக்கலயே?"

"இல்லீங்க."

ஊர் வரும்வரை முதுகில் சாய்ந்துகொண்டே வந்தேன். இவரும் மெதுவாகத்தான் ஓட்டினார்.

3.40. மையத்துக்கு இவரே போன் செய்தார். "நாங்க வாரோமுங்க. ஆமாங்க, ரெண்டு பேருமேதான்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, பாப்பா என்ன சாப்புடும்?"

எழுதத் தாள் தேடி, கைக்குக் கிடைத்த என் பாடத்தை இழுத்தார். பக்கம் 12, பின்புறம். இனி அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதித்தான் அனுப்ப வேண்டும். இவர் கையெழுத்து, எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து:

இட்லி. பருப்பு சோறு. வாழப்பழம். காரம் ஆகாது. தூங்கறப்ப யாரு காதயாச்சும் புடிச்சுக்கும்.