காளீஸ்வரன் சித்தப்பாவுக்கும் மாரடைப்பு இல்லை

சிவகாசி,
நவம்பர் 6

அன்புள்ள ஸ்ரீமதிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் எனக்குப் பேச வரவில்லை. இதைப் படமெடுத்து அம்மா உனக்கு அனுப்புவாள்.

உன் அண்ணன் சூர்யபிரகாஷ் மாரடைப்பில் போனான் என்று அம்மா சொல்லியிருப்பாள். ஊருக்கும் அப்படித்தான் சொன்னோம். சொல்லச் சொன்னது நான். அவனுக்கு நடந்தது குடல்வால் ஆபரேஷன். முடிந்ததும் மூச்சுக்கு வைத்திருந்த குழாயை எடுத்தார்கள், மூச்சு திரும்பவில்லை. மறுபடி குழாய் போடுவதற்குள் மூளை போய்விட்டது. ஒன்பது நாள் மிஷினில் கிடந்தான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு உன் காளீஸ்வரன் சித்தப்பாவும் ஆபரேஷன் முடிந்து இப்படித்தான் போனான். அதையும் மாரடைப்பு என்றோம். குடும்பத்தில் கோளாறு என்றால் யார் பெண் கொடுப்பார்கள்?

அண்ணன் ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு பாரம் கொடுத்தார்கள். மயக்க மருந்தால் வீட்டில் யாருக்காவது பாதிப்பு உண்டா என்று அதில் கேட்டிருந்தது. சூர்யாவுக்குத் தை மாதத்துக்கு நிச்சயம் செய்திருந்த ரோஷினியின் மாமா பக்கத்தில் நின்றார். அம்மா, "ஏங்க, நம்ம காளிக்கு அன்னைக்கு" என்று வாயெடுத்தாள். நான் முறைத்தேன். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை. தினமும் அச்சகத்துக்குப் போகிறேன். காலண்டர் சீசன், லோடு ஏற்றுகிறார்கள், நின்று பார்க்கிறேன். யாராவது சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன்.

மதுரையில் ஒரு டாக்டர் விளக்கினார். ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பைத் தளர்த்த ஓர் ஊசி போடுவார்களாம். மற்றவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் அது இறங்கிவிடும். அந்த மருந்தை முறிக்கும் சத்து சிலர் ரத்தத்தில் பிறவியிலேயே சரியாக இருக்காதாம். அவர்களுக்கு மணிக்கணக்கில் தானாக மூச்சு விட வராதாம். "சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டு வர்றீகள்ல, ரெண்டு பக்கமும் சேர்ந்து வந்துரும்" என்றார். நானும் உன் அம்மாவும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளைதானே. உனக்கும் இருக்கலாம். மாப்பிள்ளை அசாம்காரர் என்பதால் பிறக்கப்போகும் பிள்ளைக்கு இது முழுசாக வருவது அபூர்வமாம். ஆனாலும் இரண்டு ஜனம் கலந்த இடத்தில் ரத்தம் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்கிறார்.

பதினெட்டாம் தேதி உனக்கு சிசேரியன் என்று அம்மா சொன்னாள். அதற்குள் ரத்தப் பரிசோதனை செய்துவிடு. இதில் உள்ளதை மாப்பிள்ளை உன் டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லட்டும்.

நீ வீட்டை விட்டுப் போன அன்று, இனி உனக்குக் குடும்பமே கிடையாது என்றேன். அங்கேயும் பாரத்தில் குடும்பத்தைப் பற்றிக் கேட்பார்கள். அப்பா சொன்னபடி இருந்துவிடாதே. சித்தப்பா பெயரை எழுது. அண்ணன் பெயரை எழுது. எங்கள் பெண் என்று எழுது தாயி.

நீ கண் விழித்துப் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

அப்பா
இராமகிருஷ்ணன்